மஞ்சள் ஒயர்

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்தது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஒரு பழைய பிரஸ் மெஷினின் கண்ட்ரோல் பேனலில் ரிலே ஒன்றை மாற்றச் சொன்னார்கள். மெயின் சுவிட்சை இறக்கினேன், பூட்டுப் போட்டேன், சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு மஞ்சள் ஒயர். நம் ஊரில் மஞ்சள் என்றால் இரண்டாவது பேஸ். மெயின்தான் இறங்கிவிட்டதே, இனி அது செத்த ஒயர். அப்படித்தான் நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரை நீட்டும்போது சார்ஜ்மேன் அண்ணன் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, டெஸ்ட் பண்ணியா?"

"மெயின் ஆஃப்ணே."

"நான் அதக் கேக்கல."

மீட்டரை வைத்துப் பார்த்தால் 238 வோல்ட். அந்த ஒயர் பக்கத்து கன்வேயரின் பேனலிலிருந்து வருகிறது. என் பூட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மெஷின் அமெரிக்காவில் செய்தது. அந்த நாட்டுப் பழைய மெஷின் விதிகளில் மஞ்சளுக்கு வேறு வேலை. வெளியிலிருந்து வரும் இன்டர்லாக் ஒயர் அது. இந்த மெஷினின் மெயினை அணைத்தாலும் உயிரோடு இருக்கும், ஜாக்கிரதை என்று சொல்வதற்காகவே அந்த நிறம். அதாவது, என்னை எச்சரிக்க ஒருவர் மஞ்சள் போட்டிருக்கிறார். அதே மஞ்சளைப் பார்த்துத்தான் நான் தைரியமாகக் கை நீட்டியிருக்கிறேன். நான்கு வருடம் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் படித்தவன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்ற கோபத்தில்தான் ஒயர் நிறங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேடினால் கதை நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. இந்த நாட்டில் மின்சாரம் உற்பத்தியானதற்கான முதல் பதிவு 1894, ரவாங். ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளை ஓட்ட அங்கே ஒரு சிறு மின்நிலையத்தை நிறுவியவர்கள் இரண்டு பேர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் வைத்து நாம் அறிந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். தைப்பூசத்துக்கு அவர் பெயரைச் சொல்லாத மேடை கிடையாது. பம்பு மோட்டார் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பதிவின்படி மலாயாவில் மின்சாரம் முதலில் செய்த வேலை விளக்கு எரிப்பதல்ல, ஒரு சுரங்க வேலை. அதில் தமிழன் ஒருவனுக்குப் பாதிப் பங்கு. இதை ஏன் நம் பாடப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போடவில்லையோ தெரியவில்லை.

மின்சாரம்கூட இல்லை, ஒயரின் தோலே இந்த மண்ணிலிருந்து போனதுதான். காட்டு மரத்துப் பாலான கெத்தா பெர்ச்சா 1843-இல் இங்கிருந்து லண்டனுக்குப் போனது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. அந்த ஆசையில் மரங்களை வெட்டியே தீர்த்தார்கள். அதன்பின் கட்டடங்களுக்குள் ஓடிய ஒயர்களுக்கு ரப்பர் உறை. அந்த ரப்பருக்காகத்தான் நம் பாட்டன்மார் கப்பல் ஏறினார்கள். ஷா ஆலமே சுங்கை ரெங்கம் என்ற தோட்டப்புறம்தான். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஊரில் இன்று மெஷின்கள் நிற்கும் இடத்தில் அன்று மரங்கள் நின்றன. என் பாட்டி மூன்று மணிக்கு எழுந்து பால் வெட்டப் போனவர். அவர் வெட்டிய பால் எந்த நாட்டு ஒயருக்குத் தோலானதோ!

ரப்பர் உறை நாளாக ஆக வெடித்து உதிரும். அதன் இடத்துக்குப் பி.வி.சி. வந்தது. அதில் எந்த நிறத்தையும் சுலபமாகக் கொண்டுவரலாம். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த நிறத்தை முன்பே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ்காரர்களுக்கு மூன்று பேஸும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. நாமும் இந்தியாவும் அதையே வாங்கிக்கொண்டோம். அமெரிக்காவில் கறுப்பில்தான் கரண்ட் வரும், நியூட்ரல் வெள்ளை. ஜெர்மனியில் ஒரு காலத்தில் சிவப்புதான் எர்த். நம் வயர்மேன் ஒருவர் அந்தக் கால ஜெர்மன் பேனலைத் திறந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

1960களில் உலகத் தர அமைப்புகள் எர்த்துக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த வரியைத் தேர்ந்தெடுத்தன. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் நிறைய. வரி போட்டால் அவர்களும் கண்டுகொள்வார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். கண் சரியாகத் தெரியாதவனை நினைத்து எடுத்த முடிவு.

மற்ற நிறங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரிட்டன் 2004-இல் ஐரோப்பாவோடு சேர்ந்து மாறியது: பேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். பழையதோடு ஒப்பிட்டால் வயிறு கலங்கும். அன்று நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்று பேஸ், அன்று பேஸாக இருந்த நீலம் இன்று நியூட்ரல். இரண்டு வகை ஒயரும் கலந்திருக்கும் இடத்தில் பெட்டியின் மேல் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று அவர்களே விதி போட்டார்கள்.

மெஷின் பேனலுக்குள் இன்னொரு கணக்கு. அங்கே சர்வதேச விதிப்படி பவர் ஒயர் கறுப்பு, ஏ.சி. கண்ட்ரோல் சிவப்பு, டி.சி. கண்ட்ரோல் நீலம். மெயினை அணைத்தாலும் சாகாத ஒயருக்கு ஆரஞ்சு. அமெரிக்காவும் மஞ்சளை விட்டு இந்த ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. ஆனால் விதி மாறியதால் பழைய மெஷின் மாறிவிடுமா? 1985-இல் இங்கே புரோட்டோன் சாகா ஓட ஆரம்பித்த காலம் முதல் ஷா ஆலமுக்கு ஜப்பான், ஜெர்மனி, தைவான், அமெரிக்கா என்று மெஷின்கள் வந்து இறங்கின. பல இரண்டாம் கை, மூன்றாம் கை. ஒவ்வொன்றும் தன் நாட்டு நிறத்தோடும் தன் வருடத்து விதியோடும் வந்தது. நாற்பது வருடமாக உள்ளூர் வயர்மேன்கள் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். டிராயிங் எப்போதோ தொலைந்துபோயிருக்கும்.

அண்ணனுக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது. எஸ்.பி.எம். முடித்து, வயர்மேனாக இருந்து, பரீட்சை எழுதிச் சார்ஜ்மேன் ஆனவர். "கலர நம்பாத, நம்பர பாரு. நம்பரையும் நம்பாத, மீட்டர வையி" என்பார். மீட்டரையும் அவர் லேசில் நம்ப மாட்டார். முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பிறகு தொட வேண்டிய ஒயர். பிறகு மறுபடி அந்தப் பிளக். நடுவில் மீட்டர் செத்துப் போயிருந்தால் அதுவும் பூஜ்யம்தானே காட்டும்! டெஸ்ட் பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். அதற்கு முந்தின வாரம் நாங்கள் இருவரும் அந்தப் பிரஸ் பேனலை ஒயர் ஒயராகப் பிடித்து, நம்பர் போட்டு, புது டிராயிங் வரைந்தோம். மஞ்சளை எடுத்துவிட்டு ஆரஞ்சு போடலாம் என்றேன். மெஷினை இரண்டு நாள் நிறுத்த மேலிடம் சம்மதிக்கவில்லை. ஆகவே கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம்: இந்த மஞ்சள் கன்வேயரிலிருந்து வருகிறது, அங்கேயும் பூட்டுப் போடு என்று. மலாயில் எழுதினேன். இப்போது அந்த லைனில் வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நேப்பாளிகள். அவர்களில் ஒருவரைப் பிடித்து அவர்கள் மொழியிலும் எழுதி வாங்கினேன். "தமிழ்லயும் ஒரு வரி போடு தம்பி" என்றார் அண்ணன். இந்த லைனில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நீ இருக்கல்ல" என்றார்.