கரியமில வாயுவுக்குப் பொறுப்பாளர் யார்? தமிழகக் கார்பன் பிடிப்பு முயற்சிகளின் தலைமை குறித்து

தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் வரையிலான பகுதியில் வீட்டுக்கு போர் போட்டவர்கள் அறிந்த செய்தி ஒன்று உண்டு. மண்ணும் மக்கிய பாறையும் முடிந்தபின் துளைக்கருவி கருங்கல்லில் முட்டும். பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் குன்றுகளாக வெளியே தெரிவதும் இந்த இனப் பாறைதான். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை பல்லாவரம் பக்கத்துக் கல்லால் ஆனது என்பதை முன்னிட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னோகைட் என்று பெயர் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை இது. தென்னிந்தியச் சார்னோகைட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், படிகங்களுக்குள் பொடிப்பொடியான குமிழ்கள் தெரியும். அவற்றில் பெரும்பாலும் அடைபட்டிருப்பது கரியமில வாயு. பூமியின் ஆழத்தில் பாறை உருவான காலத்திலேயே சிக்கிக்கொண்ட வாயு, இன்றுவரை வெளியேறவில்லை.

கரியமில வாயுவைப் பாறைக்குள் நெடுங்காலம் வைத்திருக்க முடியுமா என்று ஐயப்படுவோருக்கு இயற்கை தரும் விடைகளில் இது ஒன்று. ஆனால் தென்சென்னைப் புறநகரின் பாறையில் இனிமேல் வாயுவைப் புதிதாகச் செலுத்த இயலாது. அதில் நுண்துளைகள் இல்லை. சேமிப்புக்கு வேண்டியது துளைகள் நிறைந்த மணற்கல், அதன்மேல் வாயுவைக் கசிய விடாத களிப்பாறை, ஏறத்தாழ 800 மீட்டருக்குக் குறையாத ஆழம். அந்த ஆழத்தின் அழுத்தத்தில்தான் வாயு திரவம்போல் அடர்ந்து, குறைந்த இடத்தில் அடங்கும். தமிழ்நாட்டில் இத்தகைய படிவுகளைத் தேடக்கூடிய முதன்மையான இடம் காவிரிப் படுகையும் அதையொட்டிய கடலடியும். ஆக, மாடம்பாக்கத்திலும் சேலையூரிலும் எழும் அடுக்குமாடிகளுக்கான சிமெண்டைச் சுடும்போது வெளியாகும் வாயுவைப் பிடித்தாலும், அதை வைக்கும் இடம் வேறு யாரோ வாழும் ஊரின் அடியிலோ மீன்பிடிக்கும் கடலின் அடியிலோ இருக்கும். யாருக்காகப் பிடிக்கிறோம் என்பதும் யாருடைய நிலத்தடியில் வைக்கிறோம் என்பதும் பிரிந்துபோகும் இந்த நிலையில், இம்முயற்சிகளுக்குத் தலைமை ஏற்பவர்கள் யார் என்ற கேள்வி நிர்வாகக் கேள்வி என்ற அளவோடு நிற்பதில்லை. தமிழகத்தில் வாயுவைப் பிடிப்பதற்குத் தலைவர்கள் உருவாகியிருக்கிறார்கள். பிடித்த வாயுவுக்கு நெடுங்காலம் பொறுப்பேற்கும் தலைமை உருவாகவில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

தூத்துக்குடியிலிருந்து தொடங்குவது பொருத்தம். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-இல் இயங்கத் தொடங்கிய கார்பன் பிடிப்பு அமைப்பு உலகப் பத்திரிகைகளின் கவனத்தை ஈர்த்தது. ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்தெடுப்பது அதன் திட்டம். அரசு மானியம் எதுவும் இல்லை. தொழில்நுட்பம் தந்தது கார்பன் கிளீன் நிறுவனம். கரக்பூர் ஐஐடியில் படித்த அனிருத்த சர்மாவும் பிரதீக் பம்பும் 2009-இல் தொடங்கியது அது. இந்தியாவில் முதலீடு கிடைக்காமல், பிரிட்டிஷ் அரசின் நல்கையும் தொழில்முனைவோருக்கான விசா வசதியும் கிடைத்ததால் லண்டனுக்குப் போனார்கள். சர்மா தலைமைச் செயல் அலுவலர், பம்ப் தொழில்நுட்பத் தலைவர் என்று பொறுப்பு பிரிந்தது.

அவர்கள் செய்த பணியின் சாரத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தலைமையின் இயல்பு அதிலிருந்தே பிறக்கிறது. புகையை ஓர் உயரமான கோபுரத்தின் அடியில் செலுத்தி, மேலிருந்து ஒரு கரைசலை இறக்குவார்கள். கரைசல் வாயுவைப் பற்றிக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் நீராவியால் சூடேற்றினால் வாயு தூய்மையாகப் பிரிந்துவரும். கரைசல் மீண்டும் முதல் கோபுரத்துக்குப் போகும். இதில் செலவின் பெரும்பகுதி அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. வழக்கமான அமீன் கரைசல்கள் அதிக நீராவியைக் கேட்கும், இரும்பையும் அரிக்கும். அமீனோடு உப்புகளைச் சேர்த்துச் செய்த புதுக் கரைசல் இரண்டையும் குறைத்தது. ஒரு டன்னை ஏறத்தாழ 30 டாலருக்குப் பிடிக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அன்றைய நிலையில் அது துணிச்சலான எண்.

ஆலையை நடத்திய ராமச்சந்திரன் கோபாலன் அன்று செய்தியாளர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினார். தான் ஒரு வணிகர், சோடா உப்பு செய்யத் தடையில்லாமல் கரியமில வாயு வேண்டியிருந்தது, பூமியைக் காப்பது பற்றி யோசிக்கவே இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். இந்த நேர்மை மதிக்கத்தக்கது. உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்ந்தே சோடா உப்பும் அம்மோனியம் குளோரைடும் உருவாகின்றன. மூன்றில் ஒன்று வராவிட்டால் ஆலை நிற்கும். எனவே தூத்துக்குடியின் வெற்றிக்குக் காரணம் இரு தரப்பாரின் தேவைகள் சரியான நேரத்தில் சந்தித்துக்கொண்டதுதான். கரைசலை மெய்ப்பிக்க ஓர் இடம் வேண்டியிருந்தவர்கள் ஒருபுறம். மூலப்பொருள் வேண்டியிருந்தவர் மறுபுறம்.

ஆனால் வாயு என்ன ஆனது? சோடா உப்பின் பெருமளவு கண்ணாடித் தொழிலுக்கும் சலவைத்தூளுக்கும் போகிறது. கண்ணாடி உலையில் மணலோடு சேர்த்து உருக்கும்போது சோடா உப்பிலிருந்த கரியமில வாயு மீண்டும் காற்றில் கலக்கிறது. சமையல் சோடாவானால் அடுப்படியிலேயே விடுபடும். வேறு மூலத்திலிருந்து எடுத்திருக்க வேண்டிய வாயுவை மிச்சப்படுத்தியது உண்மை, அது நல்லதே. ஆனால் இதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. அளவையும் பார்க்க வேண்டும். அதே ஊரின் அரசு அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் 5 உள்ளன. முழுத்திறனில் ஓடும் ஒரே ஓர் அலகு ஏறத்தாழ 12 நாளில் வெளிவிடும் வாயு 60,000 டன் ஆகிவிடும். சோடா உப்புச் சந்தையால் விழுங்கக்கூடிய வாயு, மின்நிலையங்கள் கக்கும் வாயுவில் ஒரு துளி. பயன்பாட்டை மட்டும் நம்பும் தலைமை, சந்தையின் எல்லையிலேயே நின்றுவிடும். அமெரிக்காவின் டெக்சாஸில் பெட்ரா நோவா திட்டம் பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணறுகளுக்கு விற்றது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் வாயு பிடிப்பது நின்றது. மீண்டும் தொடங்க 2023 ஆயிற்று.

அரியலூரின் கதை இன்னும் அடிப்படையானது. டால்மியா சிமெண்ட் தனது அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பைக் கார்பன் கிளீனோடு சேர்ந்து நிறுவப்போவதாக 2019-இல் அறிவித்தது. அப்போது நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த மகேந்திர சிங்வி, 2040-க்குள் கார்பன் வெளியீட்டைச் சுழியத்துக்கும் கீழே கொண்டுபோவோம் என்ற இலக்கை முன்வைத்தவர். சிமெண்ட் துறையில் இப்படி ஒரு குரல் எழுந்தது சாதாரணமல்ல. சிமெண்டின் வெளியீட்டில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே சூடேறிப் பிளந்து வாயுவை விடுவதால் வருகிறது. உலைக்குச் சூரிய மின்சாரத்தைக் கொடுத்தாலும் அந்தப் பங்கு குறையாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், அம்மோனைட்டுகள் நீந்திய கிரெட்டேசியக் காலக் கடலில் படிந்தது. அந்தக் கடல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லில் பூட்டி வைத்திருந்த கரியைத்தான் உலை திறந்துவிடுகிறது. ஆகையால் மின்சாரத்துக்கு மாற்று உண்டு என்று வாதிடுவோரும் சிமெண்டுக்குக் கார்பன் பிடிப்பு வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த அறிவிப்பு இன்னும் அந்த அளவில் ஆலையாக உருப்பெறவில்லை. 2025-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை சிமெண்டுக்கென 5 சோதனைக் களங்களை அறிவித்தபோது, டால்மியா மும்பை ஐஐடியோடும், அல்ட்ராடெக் சென்னை ஐஐடி, பிட்ஸ் பிலானியின் கோவா வளாகம் ஆகியவற்றோடும் இணைக்கப்பட்டன. அதாவது சிமெண்ட் துறை இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது. அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன்னை வாங்க எந்தச் சோடா உப்பு ஆலையும் இல்லை. பிடித்ததை வைக்க இடம் வேண்டும். இடம் என்றதும் கேள்வி பொறியியலைத் தாண்டிக் காவிரி டெல்டாவுக்குள் நுழைகிறது.

டெல்டாவின் நினைவுகள் பழையவை அல்ல. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் அமர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்தது. போராட்டமும் கைதுகளும் தொடர்ந்தன. 2020-இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றிப் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தது. எண்ணெய் எடுக்க வந்த அதே குழாய்கள், அதே துளைக்கருவிகள், பெரும்பாலும் அதே நிறுவனங்கள் நாளை கரியமில வாயுவைச் செலுத்த வந்தால், ஒரு விவசாயி அதை வேறாகப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க நியாயம் இல்லை. நெதர்லாந்தில் ராட்டர்டாமை ஒட்டிய பாரன்ட்ரெக்ட் என்ற புறநகரில் ஷெல் நிறுவனம் வீடுகளுக்கு அடியில் இருந்த காலியான எரிவாயுப் படுகையில் வாயுவை வைக்க முயன்றது. தொழில்நுட்ப அறிக்கைகள் எல்லாம் சாதகமாக இருந்தும், 2010-இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஊராரின் எதிர்ப்பே முதன்மைக் காரணம். முடிவெடுத்தபின் விளக்கம் சொல்ல வந்தவர்களை ஊர் நம்பவில்லை. தாம்பரம் மாநகராட்சியின் ஒரு வார்டை அந்த ஊரின் இடத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்வதும் தவறு. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சடார்ஷியா அருகே கரியமில வாயுக் குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான பகுதியில் தங்கியது. கார் என்ஜின்கள் அணைந்தன, 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிரிழப்பு இல்லை. இந்த நிகழ்வை மறைத்துவிட்டுப் பேசும் தலைமை, தெரியவரும் நாளில் எல்லா நம்பிக்கையையும் இழக்கும்.

எங்கே இது நன்றாக நடந்திருக்கிறது? நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கரியமில வாயு கடலடி மணற்கல்லுக்குள் போகிறது. 1991-இல் நார்வே விதித்த கார்பன் வரிதான் அதற்கான உந்துதல். கவனிக்க வேண்டியது அங்கே தொடர்ந்து நடந்த நில அதிர்வு அளவீடு: வாயு எங்கே பரவுகிறது என்ற படம் பொதுவெளியில் ஆராயப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுக் கட்டளை, கிணற்றை மூடியபின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் பொறுப்பு நிறுவனத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. அரசிடம் ஒப்படைக்கும்போது அடுத்த 30 ஆண்டுக் கண்காணிப்புக்காவது பணம் செலுத்த வேண்டும். ஒரு தலைமைச் செயல் அலுவலரின் பதவிக்காலம் இதில் ஒரு சிறு பகுதி. ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் தனி நிறுவனமானபோது, நிலத்தடிப் படுகைகளை மாதிரியாக்குவதில் தேர்ந்த எட்டா அராடோட்டிர் அதன் தலைமையை ஏற்றார். வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட் பாறைக்குள் செலுத்தினால் 95 விழுக்காட்டுக்கு மேல் 2 ஆண்டுக்குள் கல்லாகிறது என்று 2016-இல் அந்த ஆய்வுக்குழு காட்டியது. நிலத்தடியை அறிந்தவர் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தால் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியே மாறிவிடுகிறது.

கார்பன் கிளீன் 2022-இல் செவ்ரான் தலைமையில் 15 கோடி டாலர் முதலீடு திரட்டியது. கோபுரங்களைச் சுருக்கும் சுழல் இயந்திரத்தை வணிகமாக்குவதே அதன் முனைப்பு. கருவி விற்கும் நிறுவனத்துக்கு அது இயல்பு, அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறை நம் நாட்டுப் பக்கம் இருக்கிறது. நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை 2050-இல் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கும் இலக்கைப் பேசுகிறது. சிமெண்ட் துறைக்கு 2025-இல் வெளியீட்டுச் செறிவு இலக்குகள் அறிவிக்கப்பட்டுள்ளன. ஜார்க்கண்டில் என்டிபிசி சேமிப்பு ஆய்வுக்காகக் கிணறு தோண்டத் தொடங்கியது. ஆனால் நிலத்தடியில் வைத்த வாயு யாருடைய சொத்து, கசிந்தால் யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் எந்த நிறுவனமும் அந்தப் பொறுப்புக்கான நாற்காலியைத் தானாகப் போடாது.

அதற்கான ஆட்கள் தூரத்தில் இல்லை. மாடம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டரில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். 6,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் ரோசப் என்ற, தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கிக் கலத்தை உருவாக்கியது அது. சென்னை ஐஐடியில் ஜிதேந்திர சங்வாய், ரஜ்னீஷ் குமார் முதலியோர், 500 மீட்டருக்குக் கீழான கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் கரியமில வாயு பனிபோன்ற ஹைட்ரேட்டாக உறைவதையும் வங்கக் கடலடிப் படிவுகளில் அதை வைக்கும் வாய்ப்பையும் ஆராய்கிறார்கள். கடலடி மாதிரி, கிணற்று அழுத்தம், நில அதிர்வுப் படம் இவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் இவ்வட்டாரத்திலேயே வேலை செய்கிறார்கள். ஆலோசகர் என்ற பட்டத்தோடு அறிக்கையின் பின்னிணைப்பில் அவர்களை நிறுத்துவது போதாது. திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் கொண்ட இயக்குநராக நியமிக்க வேண்டும். அவருடைய ஊதியம் எத்தனை டன் செலுத்தினார்கள் என்பதோடு பிணைக்கப்படக் கூடாது. அவருடைய அளவீடுகள் கிராம சபையில் தமிழில் வைக்கப்பட வேண்டும். மீனவ ஊர்ப் பஞ்சாயத்தின் கேள்விக்கு அவரே நேரில் வந்து விடை சொல்ல வேண்டும்.

இந்தப் பதவிக்கு முதல் வேலையும் காத்திருக்கிறது. வாயுவைச் செலுத்துவதற்கு முன்பே அந்த இடத்து மண்ணிலும் கிணற்று நீரிலும் கடலடியிலும் இயல்பாக எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் ஒரு குமிழ் தெரியும்போது அது பழையதா கசிந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் நிலத்தடி நீர் மாறும் டெல்டாவில், இதற்கு ஓராண்டு அளவீடு போதாது, பல பருவங்கள் வேண்டும். அரியலூரில் கோபுரம் எழும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஐப்பசிக்கு முன்பே முதல் மாதிரிகளை எடுத்துவிடலாம்.