பிடி கழன்ற அச்சு

கருங்குழிக் கோட்டையின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது ஒரு தேதி வரிசை. 1757-ல் பிரெஞ்சுப் படை நெருங்கியதும் ஆங்கிலேயர் கோட்டையைக் கைவிட்டார்கள். 1758-ல் திடீரென்று பாய்ந்து மீட்கப் பார்த்துத் தோற்றார்கள். 1759 டிசம்பரில் அயர் கூட், வந்தவாசியைப் பிடித்த கையோடு இங்கே வந்து, சில நாள் பீரங்கியால் அடித்து எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம், 1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். பிரெஞ்சுக்காரர் கனவு அத்தோடு சரி. 1780-ல் ஹைதர் அலி. 1781 ஜனவரியில் மறுபடி கும்பினி. பாடப் புத்தகம் இவ்வளவுகூடச் சொல்லாது. யார் சுட்டார்கள், யார் சரணடைந்தார்கள் என்று போகும் இந்தக் கதையாடலில் ஒரு சின்னக் கேள்வி விழுந்துபோகிறது. சுட்ட குண்டை வார்த்தது யார்? வார்த்த அச்சின் பிடி ஆட்டம் கண்டபோது அதை இறுக்கிக் கொடுத்தது யார்?

அற்பக் கேள்வி என்று படலாம். அந்தக் கருவியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

குண்டு அச்சு என்பது பாக்குவெட்டி மாதிரி ஒரு முனையில் கீல் வைத்த இரண்டு பாதி. இரும்பிலோ பித்தளையிலோ செய்தது. ஒவ்வொரு பாதியிலும் அரைக் கோளமாக ஒரு குழி. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு உண்டை. பெரிய அச்சு என்றால் ஒரே வரிசையில் பல குழிகள். பாதிகளின் கடைசியில் வால் போல நீளும் இரும்பு ஆளுக்கொரு மரப் பிடிக்குள் இறங்கியிருக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். ஆகவே அச்சையும் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அந்தச் சூடு வால் வழியாகப் பிடிக்குள் ஏறுகிறது. மரம் காய்கிறது, சுருங்குகிறது, துளையின் உள்சுவர் கரிகிறது. கரி உதிர உதிரத் துளை அகலும். நூறு தடவை திறந்து மூடினால் பிடி லொடலொடவென்று ஆடும்.

ஆடினால் என்ன? இரண்டு பாதியும் நேருக்கு நேர் உட்காராது. குண்டு கோணும், இடுக்கில் பிசிறு கட்டும். கோணின குண்டு குழலுக்குள் சிக்கும். வார்க்கிறவன் கையிலேயே பிடி கழன்றால் உருகிய ஈயம் காலில்.

கும்பினிச் சிப்பாய் தூக்கிய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கிக்குக் குழல் விட்டம் முக்கால் அங்குலம். குண்டு ராத்தலுக்குப் 14 என்ற கணக்கு. கிடங்கிலிருந்து வந்த காகிதத் தோட்டாவைக் கடித்துப் போட்டால் போதும். பாளையத்தின் நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தச் சீர் கிடையாது. குழலுக்குக் குழல் அளவு மாறும். துப்பாக்கியோடு அதன் அச்சும் கூடவே போக வேண்டும். அச்சு போனால் துப்பாக்கி வெறும் தடி. பிடி கழன்றது என்று அதைத் தூக்கிப் போட முடியாது, செப்பனிட்டே ஆக வேண்டும். செப்பனிடுவது இங்கே போரின் ஓர் உறுப்பாகிறது.

அவசரக்காரன் செய்வது ஒன்று உண்டு. வாலைப் பழுக்கக் காய்ச்சி அப்படியே மரத்தில் அழுத்துவான். புகையோடு இறங்கும், அன்றைக்கு இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் சுற்றிலும் கரி. நாலு நாளில் பழைய கதை. கத்திப் பிடிக்கு அரக்கு ஊற்றுவார்களே, அதுவும் இங்கே செல்லாது. கொதிநீர்ச் சூட்டுக்கே அரக்கு இளகிவிடும். முறையான வேலை மெதுவானது. துளையில் ஒட்டின கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த கருவேல மரத்தில் மெல்லிய ஆப்பு செதுக்கி, வாலின் இரு பக்கமும் இறுக்க வேண்டும். பிடியின் வாயில், உலக்கைக்குப் போடுவதுபோல, பூண் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆப்பு அடித்த வேகத்தில் மரம் பிளக்கும். கடைசியில் மரத்தையும் வாலையும் சேர்த்துக் குறுக்கே துளையிட்டு, ஆணி செருகி, இரு முனையையும் தட்டி மடக்க வேண்டும். பாதி போன பிடி என்றால் புதுசு கடைவதே மேல்.

இந்த ஒரு சின்னச் சாமானில் எத்தனை கை என்று பாருங்கள். பித்தளைக்குக் கன்னார், வாலுக்கும் பூணுக்கும் கொல்லர், பிடிக்குத் தச்சர். உலை ஊதும் துருத்தியின் தோல்? அது சேரியிலிருந்து வந்த உழைப்பு. கம்மாளரின் பெருமையைப் பேசுகிறவர்கள் கோயில் தேரைச் சொல்வார்கள், 1818-ன் சித்தூர் அதாலத்துத் தீர்ப்பைச் சொல்வார்கள். துருத்தித் தோலில் பேச்சு நின்றுவிடும்.

ஆவணம் எங்கே என்று கேட்கலாம். கருங்குழிக்கு மேற்கே வந்தவாசியில் ஒரு துண்டு அகப்படுகிறது. 1780 ஆகஸ்டில் லெப்டினன்ட் ஃபிளின்ட் அந்தக் கோட்டைக்குள் நுழைந்தபோது பீரங்கிகள் நிறைய இருந்தன, வண்டிகள் இல்லை, மருந்தும் கொஞ்சம். பீரங்கி தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஹைதரின் முற்றுகையை அந்தக் கோட்டை 1781 ஜனவரி கடைசிவரை தாங்கியது. எப்படி? வண்டிகள் அங்கேயே செய்யப்பட்டன, மருந்து அங்கேயே அரைக்கப்பட்டது. பீரங்கி இயக்கப் பழக்கப்பட்டவர்கள் ஊர் வெள்ளித் தட்டார்கள். 1810-லிருந்து 1817-க்குள் வெளிவந்த தன் மைசூர் வரலாற்றில் மார்க் வில்க்ஸ் இதைப் பதிவு செய்கிறார். இந்துக்களின் போர் வழக்கத்தில் பீரங்கிக்காரர் என்ற பேருக்குத் தட்டார்தான் நிற்பார்கள் என்று ஒரு ஏளனம் வேறு. அந்த ஏளனத்தைத் திருப்பிப் படித்தால் விஷயம் வெளியே வருகிறது: இது அன்றைக்கு ஏற்பட்ட நெருக்கடி ஏற்பாடல்ல, ஏற்கெனவே இருந்த வழக்கம். உலையும் உலோகமும் யாருக்குப் பழக்கமோ அவர்கள் கையில்தான் ஆயுதமும் ஓடியது. ஆனாலும் வில்க்ஸின் வாக்கியத்தில் எழுவாய் ஃபிளின்ட். 'அவர் செய்தார், அவர் அரைத்தார்'. ஒரு லெப்டினன்ட் எத்தனை வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டியிருக்க முடியும்?

ரணஜித் குகா போன்றவர்கள் கலகக்காரனை அரசு ஆவணத்தின் இடுக்கிலிருந்து வெளியே இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தக் கைகள் கலகமும் செய்யவில்லையே, என்ன செய்வது? கோட்டை யார் வசமோ அவர்களுக்கு வேலை செய்தவர்கள். பிரெஞ்சு, கும்பினி, ஹைதர் - கருங்குழியில் இருபத்தைந்து வருஷத்துக்குள் கொடி எத்தனை தடவை மாறியது! தேசிய வரலாறு இவர்களைத் தியாகியாக்க முடியாது, துரோகி என்று சொல்லவும் கூசும். ஆகவே விட்டுவிடுகிறது. துரோகம், தியாகம் என்ற ஜோடியே அரண்மனைக்காரர்களுக்காகச் செய்த அளவுகோல்தான் என்பேன்.

1783-ல் கும்பினி, வந்தவாசி, கருங்குழி இரண்டிலிருந்தும் படையை விலக்கி அரண்களை வெடிவைத்துத் தகர்த்தது. 1795 முதல் 1825 வரை கருங்குழி கலெக்டர் தலைமையிடமாகியது. மிச்சக் கல் பிற்பாடு ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் போயிற்று. அந்தக் கலெக்டர் காலத்தில், 1798-ல், பக்கத்து வேடந்தாங்கல் ஜனங்கள் வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதாக முறையிட்டு, லயனல் பிளேசிடம் பாதுகாப்புக் கவுல் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் பயிருக்கு உரம். ஈயக் குண்டை நிறுத்தச் சொல்லி உழவர் எழுதி வாங்கிய காகிதம் அது. நம் போர் வரலாற்றுக்காரர்கள் அதைப் பறவை நேசர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

மூன்று வருஷத்தில், 1801 டிசம்பர் 1-ம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம். தெற்கே பாளையக்காரர் எழுச்சியை நசுக்கிய கையோடு, கோட்டைகளை இடிக்கவும் ஜனங்களிடமிருந்து ஆயுதம் பறிக்கவும் உத்தரவு. துப்பாக்கி பறிபோனவனின் பெயராவது எங்காவது பட்டியலில் இருக்கும். அந்தத் துப்பாக்கியை நம்பி அச்சு செய்தவன், பிடி கடைந்தவன், பூண் போட்டவன் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்து, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ செய்வதே குற்றமென்று ஆனபோது, கருக்கரிவாளுக்குப் பிடி போடுகிற வேலை மட்டும் கிராமத்து உலைக்கு மிஞ்சியது.