நாப்ஸ்டர் முதல் ஐபிஎஃப்எஸ் வரை: பாட்டுப் பகிர்வின் கதை

நண்பனுக்கு ஒரு குறுந்தகட்டை இரவல் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை அலமாரியில் அந்த இடம் காலிதான். கணினியில் இருக்கும் பாட்டு அப்படியில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. இந்த வித்தியாசம்தான் இசை நிறுவனங்களையும் நிரலாளர்களையும் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேற வைத்தது.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உருவாக்கிய ஒலிச்சுருக்க முறையின் கோப்புகளுக்கு 1995 ஜூலையில் எம்பி3 என்ற பின்னொட்டு முடிவானது. மனிதக் காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிடுவதுதான் இதன் உத்தி. குறுந்தகட்டில் சுமார் 30 எம்பி பிடிக்கும் மூன்று நிமிடப் பாட்டு, இதில் 3 எம்பிக்குள் அடங்கிவிடும். தொலைபேசி இணைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்க வேண்டிய பாட்டு, பத்து நிமிடத்தில் இறங்கியது!

நாப்ஸ்டர் விழுந்தது எப்படி?

1999 ஜூனில் அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட 18 வயது ஷான் ஃபேன்னிங் நாப்ஸ்டரை வெளியிட்டார். பாட்டுகள் அவரவர் கணினியிலேயே இருக்கும். யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அந்தப் பட்டியலே எமனாக வந்தது. 1999 டிசம்பரில் இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. பட்டியல் கையில் இருப்பதால் நடப்பதைத் தடுக்கவும் நாப்ஸ்டரால் முடியும் என்பது 2001 பிப்ரவரியில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு ஜூலையில் சேவை நின்றது.

"காசு கொடுத்து வாங்கிய பாட்டைக்கூடவா கேட்கக் கூடாது?" என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வழக்கு உண்டு. எம்பி3.காம் என்ற நிறுவனம் 2000 ஜனவரியில் ஒரு சேவையைத் தொடங்கியது. தன்னிடம் உள்ள குறுந்தகட்டை ஒருமுறை கணினியில் போட்டுக் காட்டினால், அதன் பாட்டுகளை எங்கிருந்தும் இணையத்தில் கேட்கலாம். ஆனால் கேட்பவருக்குப் போனது, நிறுவனமே அனுமதியின்றி எடுத்து வைத்திருந்த பிரதி. நியூயார்க் நீதிபதி ஜெட் ராகாஃப் அதை உரிமை மீறல் என்றார்.

நடுவில் யாரும் இல்லாவிட்டால்?

சர்வர் இருந்தால்தானே வழக்கு? 2000 மார்ச்சில் இரண்டு மென்பொருள்கள் வந்தன. ஒன்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயன் கிளார்க் மாணவராகச் செய்த திட்டத்திலிருந்து பிறந்த ஃப்ரீநெட். இதில் கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டு முகம் தெரியாதவர்களின் வன்தட்டுகளில் போய்ச் சேரும். தன் வன்தட்டில் இருப்பது என்னவென்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. இடம் போதாதபோது யாரும் கேட்காத கோப்பு அழிந்துபோகும். இதன் முதல் நோக்கம் கருத்துச் சுதந்திரம், பாட்டு பிறகுதான்.

மற்றொன்று நுடெல்லா. வின்ஆம்ப் தந்த நல்சாஃப்ட் குழுவின் படைப்பு. அதை விலைக்கு வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனம் உடனே நீக்கச் சொன்னது. அதற்குள் பிரதிகள் பரவிவிட்டன. நுடெல்லாவில் ஒரு கணினி பக்கத்துக் கணினிகளைக் கேட்கும், அவை தங்கள் பக்கத்துக் கணினிகளைக் கேட்கும். கிராமத்தில் ஆள் தேடுவது மாதிரிதான்.

ஆனால் ஒரு சிக்கல். அதே 2000ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் ஆய்வாளர்கள் அடாரும் ஹுபர்மேனும் நுடெல்லாவை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. பதில்களில் கிட்டத்தட்ட பாதி, 1 சதவீதக் கணினிகளிலிருந்தே வந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பதாகப் பேச்சு, வடம் பிடித்ததோ நாலு பேர்! இதற்கு மருந்தாகத்தான் 2001இல் பிராம் கோஹன் பிட்டொரன்ட்டைக் கொண்டுவந்தார். கொடுப்பவருக்கே வேகமாகக் கிடைக்கும் என்பது அதன் விதி.

நிறுவனத்தைப் பிடிக்க முடியாதபோது வழக்கு ஆட்கள் மேல் திரும்பியது. 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மீது இசைத்துறைச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008இல்தான் அந்தப் பாணியைக் கைவிட்டது. நடுவில் யாரும் இல்லை என்றால் ஓரத்தில் இருப்பவர் மாட்டுவார் என்பது அப்போது புரிந்தது.

ஐபிஎஃப்எஸ் என்ன மாற்றியது?

ஹுவான் பெனெட் 2014இல் முன்வைத்த ஐபிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பின் முகவரி அது இருக்கும் இடத்தைச் சொல்லாது. உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு நீண்ட எண்ணைச் சொல்லும். ஒரு பிட் மாறினாலும் முகவரி மாறிவிடும் என்பதால் போலிப் பாட்டைத் தள்ளிவிட முடியாது. ஒருவர் தன் பாட்டுத் தொகுப்பை ஏற்றி, முகவரியைக் கொடுத்தால் போதும்.

இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு. முதலாவது, "ஏற்றினால் என்றும் இருக்கும்" என்பது. யாராவது ஒருவர் அதை நிலையாக வைத்திருக்கும்படி தன் கணினிக்குச் சொல்லியிருந்தால்தான் இருக்கும். இல்லையேல் இடம் துப்புரவாகும்போது போய்விடும். இரண்டாவது, "யாருக்கும் தெரியாது" என்பது. எந்தக் கணினி எந்தக் கோப்பைத் தருகிறது என்பதை வலைப்பின்னலில் பார்க்க முடியும். மற்றவர்கள் பிரதி எடுத்துவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது.

ஆகவே சொந்தமாகப் பாடிப் பதிந்தவை, உரிமையாளர் அனுமதித்தவை, காப்புரிமைக் காலம் முடிந்தவை ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடலுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி. அது படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் இருக்கும்.

கடையில் கிடைக்காத பழைய இசைத்தட்டுகளைக் காப்பாற்ற இந்த வலைப்பின்னல்களை நம்புவோர் பலர். தொழில்நுட்பம் தயாராகவே இருக்கிறது. ஆனால் 2000இல் அளந்து பார்த்த அந்த 70 சதவீதத்தில் சிலராவது தங்கள் வன்தட்டில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால்தான் அந்தப் பாட்டுகள் பிழைக்கும்.