காவலனே வாகனம் ஆன கதை

பாஸ்தேரைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார்: "வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் போர்வீரர்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அந்த வீரர்கள் என்றைக்கும் நம் பக்கம்தான் நிற்கிறார்களா, சார்?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. பதில் 1882-ல் தொடங்கி நம் காலம் வரை நீளுகிறது. அதில் ஒரு நட்சத்திர மீன் வருகிறது, ஒரு நீர்ப்பூச்சி வருகிறது, மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை வருகிறது, ஒரே நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு எதிராளிகள் வருகிறார்கள். பாதிக் கதை பாரிஸில் நடந்தது. பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பாதியில் எனக்குச் சற்று அதிக ஆசை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் வெறிநாய் கடித்த ஜோசெஃப் மெய்ஸ்தேர் என்ற சிறுவனை 1885-ல் பாஸ்தேர் காப்பாற்றிய பாடம் உண்டு. மெச்னிகோவ் என்ற பெயர் அதில் இல்லை. ரஷ்யாவில் இல்யா என்று அழைக்கப்பட்ட அவரைப் பிரெஞ்சுக்காரர்கள் எலி என்று அழைத்தார்கள். நம் ஊரில் அதற்கு வேறு பொருள் ஆகிவிடும் என்பதால் மெச்னிகோவ் என்றே எழுதுகிறேன்.

1845-ல் கார்கிவ் நகருக்கு அருகே பிறந்தவர். மருத்துவர் அல்லர், விலங்கியல் படித்தவர். ஒதெஸா பல்கலைக்கழக வேலையை 1882-ல் விட்டுவிட்டு, சிசிலித் தீவின் மெசினா நகருக்குக் குடும்பத்தோடு போனார். ஒரு நாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸில் குரங்கு பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடலுக்குள் ஊர்ந்து திரியும் செல்கள் வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுக்கத்தான் இருக்கின்றனவோ என்று தோன்றியது. தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள்ளை ஒடித்துவந்து குஞ்சின் உடலில் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. தின்னும் செல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அவற்றுக்கு ஃபாகோசைட் என்று பெயர் வந்தது. நாம் விழுங்கு செல் என்று சொல்லலாம்.

முள் உயிரில்லாத பொருள். உண்மையான நோய்க்கிருமி உள்ளே வந்தால் என்ன நடக்கும்? அதற்கு விடை தேட, குளத்து நீரில் துள்ளித் திரியும் தாஃப்னியா என்ற பொடிப்பூச்சியை எடுத்துக்கொண்டார். இறால் குலத்தைச் சேர்ந்தது. அதுவும் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதற்கு ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றால் நோய் வரும். ஊசி போன்ற அதன் வித்துகள் பூச்சியின் குடலைத் துளைத்து உள்ளே போகும். உடனே விழுங்கு செல்கள் வந்து சூழ்ந்து வித்துகளைச் சிதைக்கும். செல்கள் வென்றால் பூச்சி பிழைக்கும். வித்து முளைத்துப் பெருகிவிட்டால் பூச்சி சாகும். 1884-ல் இதை வெளியிட்டார். விழுங்கு செல்கள் நோயை எதிர்த்துப் போராடுவதைக் காட்டிய முதல் சான்றுகளில் ஒன்று பாக்டீரியாவைப் பற்றியது அல்ல, ஒரு பூஞ்சையைப் பற்றியது என்பதை நினைவில் வையுங்கள்.

1888-ல் பாஸ்தேர் அவருக்குத் தம் புதிய நிறுவனத்தில் இடம் கொடுத்தார். 1916-ல் இறக்கும்வரை மெச்னிகோவ் அங்கேயே இருந்தார். அஸ்தியும் அந்த நிறுவனத்து நூலகத்தில்தான் இருக்கிறது.

அவர் காட்டிய போரில் இரண்டே முடிவுகள்தான்: செல் வெல்லும், அல்லது கிருமி வெல்லும். மூன்றாவது முடிவும் உண்டு. செல் கிருமியை விழுங்குகிறது, கொல்லவில்லை. கிருமியும் செல்லைக் கொல்லவில்லை. செல் தன் வழக்கமான ரோந்துக்குப் போகிறது, வயிற்றில் கிருமியைச் சுமந்தபடி. இதைக் கண்டுகொள்ள நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இனி அந்தப் பூஞ்சையைப் பார்ப்போம். 1894-ல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் ஓர் இளம்பெண்ணின் கால் எலும்புப் புண்ணில் ஈஸ்ட் போன்ற உயிரி ஒன்றை ஓட்டோ புஸ்ஸே, ஆபிரகாம் புஷ்கே என்ற இரு மருத்துவர்கள் கண்டார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அதே ஆண்டு இத்தாலியில் சான்ஃபெலிச்சே அதே இனத்தைப் பீச் பழச்சாற்றில் கண்டார். 1901-ல் நான்சி நகரத்துப் பேராசிரியர் வியுய்மேன் அதைக் கிரிப்டோகாக்கஸ் என்ற இனத்தில் சேர்த்தார். ஒளிந்திருக்கும் மணி என்று பொருள். பெயர் வைத்த காரணம் வேறாக இருந்தாலும் பொருள் அப்படியே பலித்தது. 1905-ல் ஃபோன் ஹன்ஸெமன் இது மூளைக்காய்ச்சலை உண்டாக்குவதை விவரித்தார்.

இதற்கு மூளை மேல் அப்படி ஒரு நாட்டம். 1916-ல் ஸ்டோடர்ட், கட்லர் என்ற இரு அமெரிக்கர்கள் இறந்தவர்களின் மூளையில் பூஞ்சையைச் சுற்றி வெற்றிடங்களைப் பார்த்தார்கள். பூஞ்சை திசுவைக் கரைத்துத் தின்கிறது என்று முடிவுகட்டி, திசுவைக் கரைப்பது என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். உண்மையில் அது வெற்றிடம் அல்ல. பூஞ்சை தன்னைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் கொழகொழப்பான உறை.

அந்த உறையைக் காண ஓர் எளிய வழி உண்டு. நோயாளியின் முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு சொட்டுக் கறுப்பு மசியைக் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால் போதும். மசி உறைக்குள் புகாது. கரிய பின்னணியில் ஒளிவட்டம் சூழ்ந்த மணிகளாகப் பூஞ்சை தெரியும். அந்த மசியை ஆங்கிலேயர் இந்தியன் இங்க் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் சீன மசி என்கிறார்கள். வாழ்நாளெல்லாம் மசியோடு குடித்தனம் நடத்திய குமாஸ்தாவுக்கு இந்தச் செய்தி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் செஸ்டர் எம்மன்ஸ் 1951-ல் மண்ணிலும், 1955-ல் புறா எச்சத்திலும் அதைக் கண்டுபிடித்தார். காற்றில் பறக்கும் தூசியோடு நாம் அதை மூச்சில் இழுக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. நுரையீரலில் காவல் நிற்கும் பெரிய விழுங்கு செல்கள் அடக்கிவிடுகின்றன.

சரி, நுரையீரலில் இருப்பது மூளைக்கு எப்படிப் போகிறது? நடுவில் ஒரு மதில் உண்டு. 1885-ல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது எல்லா உறுப்புகளும் நிறம் ஏறின, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயம் பிடிக்காது போலும் என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913-ல் சாயத்தைத் தண்டுவட நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் ஏறிற்று, மற்ற உறுப்புகள் ஏறவில்லை. ஆகவே இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது.

நோயை எதிர்ப்பது செல்களே என்றார் மெச்னிகோவ். இரத்த நீரில் உள்ள பொருள்களே என்றது எர்லிக்கின் கட்சி. 1908-ல் நோபல் குழு இருவருக்கும் பரிசைப் பங்கிட்டது. ஒருவர் கண்டது காவலனை. மற்றவர் கண்டது, தாம் அறியாமலே, மதிலை. காவலன் மதிலைக் கடக்கலாம், சாயம் கடக்க முடியாது. இந்தச் சலுகையைத்தான் பூஞ்சை பயன்படுத்திக்கொள்கிறது.

இது பெரிய கேள்வியாக ஆனது 1981-க்குப் பின், எய்ட்ஸ் நோய் வந்த பிறகுதான். அதற்கு முன் அரிதாக இருந்த இந்த மூளைக்காய்ச்சல் எய்ட்ஸ் நோயாளிகளைக் கூட்டங்கூட்டமாகத் தாக்கியது. காரணம் இது. விழுங்கு செல்லுக்கு விழுங்கத் தெரியும், ஆனால் விழுங்கியதைக் கொன்று முடிக்க மேலிடத்து ஆணை வேண்டும். ஆணை தருவது டி செல் எனப்படும் இன்னொரு வெள்ளை அணு. எச்.ஐ.வி. அழிப்பது அந்த ஆணையாளரைத்தான். எங்கள் அலுவலகப் பாஷையில் சொன்னால், தபால் வந்தது, பதிவேட்டில் ஏறியது, முடிவெடுக்க அதிகாரி இல்லை. கோப்பு கட்டுக்குள் கிடக்கும், ஆனால் தீராது.

அப்படிக் கிடக்கும் என்பதற்குச் சான்று 1999-ல் பிரான்சிலிருந்தே வந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து, பல ஆண்டுகளாகப் பிரான்சில் வாழ்ந்த நோயாளிகளின் பூஞ்சையை டி.என்.ஏ. முறையில் ஆராய்ந்தபோது, அது பிரான்சில் பிறந்தவர்களின் பூஞ்சையிலிருந்து வேறுபட்டிருந்தது. எப்போதோ சொந்த நாட்டில் மூச்சில் இழுத்தது ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் ஒளிந்திருந்து, காவல் தளர்ந்தபோது எழுந்திருக்கிறது.

மண்ணில் கிடக்கும் பூஞ்சைக்கு மனிதச் செல்லுக்குள் பிழைக்கும் வித்தையை யார் கற்றுக்கொடுத்தது? இதற்கான விடையில் நம் பக்கத்து ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. கொழும்பில் பல ஆண்டுகள் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்தோ காஸ்தெல்லானி, 1930-ல் கிரிப்டோகாக்கஸ் இனத்து ஈஸ்ட் ஒன்றை வளர்த்தபோது, அதைத் தின்றுகொண்டிருந்த அமீபா ஒன்றைக் கண்டார். அவர் பெயரையே தாங்கிய அந்த அமீபாவோடு 2001-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நம் பூஞ்சையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அமீபா விழுங்கியது, ஆனால் பூஞ்சை உள்ளேயே பெருகியது. மண்ணில் அமீபாவிடம் பிழைத்துப் பழகியதற்கு, நம் விழுங்கு செல் இன்னொரு அமீபா. அவ்வளவுதான். 2006-ல் நியூயார்க்கிலும் பர்மிங்ஹாமிலும் இரண்டு குழுக்கள் இன்னொரு விந்தையைப் படம் பிடித்தன. விழுங்கிய செல் பூஞ்சையை உயிரோடு வெளியே உமிழ்கிறது, இரண்டுக்கும் ஒரு சேதமும் இல்லை. வண்டியில் ஏறினால் இறங்கவும் தெரியும் என்று ஆயிற்று.

கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2009-ல், மெச்னிகோவின் அஸ்தி இருக்கும் அதே பாஸ்தேர் நிறுவனத்தில். ஃபிரான்சுவாஸ் துரோமேர் அம்மையாரின் குழு எலிகளை வைத்து ஆராய்ந்தது. சில எலிகளுக்குப் பூஞ்சையைத் தனியாக ஏற்றினார்கள். சிலவற்றுக்குப் பூஞ்சையை விழுங்கிய செல்களை ஏற்றினார்கள். செல்லுக்குள் போன பூஞ்சையே மூளையில் அதிகம் சேர்ந்தது. நோய் கண்ட எலிகளின் இரத்தத்தில் அந்தச் செல்களை ஒழித்தபோது மூளையில் பூஞ்சை குறைந்தது. 2017-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பூஞ்சை சுமந்த செல் மதிலைப் போன்ற ஓர் அடுக்கைக் கடப்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். பூஞ்சை தனியாகவும் மதிலைக் கடக்கும் என்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காவலனின் தோளில் ஏறிப் போவது அதன் வழிகளில் ஒன்று.

இதை ஆய்வாளர்கள் டிராய் நகரத்து மரக்குதிரை என்கிறார்கள். நமக்கு உதயணன் கதை இருக்கிறது. யானைப் பித்துக் கொண்ட அந்த அரசனைப் பிடிக்க, இயந்திர யானை செய்து அதன் வயிற்றில் வீரர்களை ஒளித்துவைத்தான் உஞ்சை நகரத்துப் பிரச்சோதனன். ஆனால் இரண்டு உவமையும் முழுதாகப் பொருந்தவில்லை. குதிரையும் யானையும் எதிரி செய்தவை. இங்கே யானை நம் கொட்டாரத்து யானை. பாகன் மட்டும் இல்லை.

இது வெறும் ஆராய்ச்சிச் சுவாரசியம் அல்ல. எய்ட்ஸ் நோயாளிகளில் இந்த மூளைக்காய்ச்சலால் 2020-ல் மட்டும் சுமார் 1,12,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் இது முதல் வரிசையில் இருக்கிறது. 1950களில் ஆம்ஃபோடெரிசின் வரும்வரை இந்த நோய் வந்தால் ஏறக்குறைய மரணம்தான். இப்போது அதன் மேம்பட்ட வடிவத்தை ஒரே பெரிய அளவாக முதல் நாளில் கொடுத்து, மற்ற இரண்டு மருந்துகளை மாத்திரையாகத் தொடரும் முறை ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் சோதிக்கப்பட்டு 2022-ல் ஏற்கப்பட்டிருக்கிறது. அப்படியும் பத்து வாரத்துக்குள் நூற்றுக்கு 25 பேர் இறந்தார்கள்.

நண்பரின் கேள்விக்கு நேரான விடை 2014-ல் வெளியான ஒரு சோதனையில் இருக்கிறது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். பூஞ்சைக்கு மருந்து தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ஒரு பிரிவினருக்கு எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்கினார்கள். மற்றவர்களுக்குச் சுமார் ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கினார்கள். படையைச் சீக்கிரம் எழுப்பினால் நல்லது என்றுதானே நாம் நினைப்போம்? 26 வாரத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 45 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 30 பேர். திடுமென எழுந்த படை மூளைக்குள் புகுந்து கிளப்பும் அழற்சியே காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே நண்பரே, வீரர்கள் நம் பக்கம்தான். பக்கம் மாறவில்லை. ஆனால் எங்கும் போகும் உரிமை பெற்றவன் எதையும் சுமந்து போகக்கூடியவன். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கலாம். உடம்புக்கு வேண்டியது அதிகப் படை அல்ல, வேளை அறிந்து ஆணையிடப்படும் படை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நோய் எதிர்ப்பு குன்றிய எச்.ஐ.வி. நோயாளிகளின் இரத்தத்தில் இந்தப் பூஞ்சையின் உறைப் பொருள், தலைவலி தொடங்கப் பல வாரங்கள் முன்பே தெரிந்துவிடும். அதைச் சோதிக்கும் பட்டை, சர்க்கரை பார்ப்பது போல எளியது. முன்கூட்டியே சோதிக்கும்படி 2011 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. காவலன் வண்டியாக மாறும் முன்பே பயணியைப் பிடித்துவிட முடியும். தெரிந்தவர் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்.