ஃபுராத்தின் தண்ணீரும் கேட்கப்படாத கணக்கும்



ஹிஜ்ரி 36-ஆம் ஆண்டின் இறுதியில் (கி.பி. 657) ஃபுராத் நதிக்கரையில், ஸிஃப்பீன் என்னுமிடத்தில் இரு முஸ்லிம் படைகள் எதிரெதிரே நின்றன. முன்னதாக வந்திருந்த ஷாம் படையினர் நீர்த்துறையைத் தம்வசப்படுத்தி, அலீ (ரலி) அவர்களின் படையினருக்குத் தண்ணீரை மறுத்தனர். அலீ (ரலி) அவர்கள் முதலில் தூதர் அனுப்பிக் கேட்டார்கள், பலனில்லை. பின்னர் அவர்களுடைய படை போரிட்டு அத்துறையைக் கைப்பற்றியது. 'இனி நாமும் அவர்களுக்குத் தரக்கூடாது' என்று படையினர் கூறியபோது அவர்கள் இணங்கவில்லை. இரு படையினரும் ஒரே துறையில் நீர் அள்ளியதை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். ஸஹாபாக்களுக்கிடையே நடந்த அப்போரில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. தண்ணீர் விஷயத்தில் அங்கே எடுக்கப்பட்ட முடிவையே இங்கு நினைவூட்டுகிறோம்.

பத்ரில் கிணறுகள் தூர்க்கப்படவில்லையா என்று சிலர் கேட்கலாம். தூர்க்கப்பட்டன. அது களத்தில் நிற்கும் படைக்கு எதிரான செயல். ஓர் ஊரின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரானதன்று. அன்றுகூட, நீர்த்தொட்டியை நாடி வந்த குறைஷியர் சிலரைக் குடிக்க விடும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸீரா நூல்களில் காண்கிறோம்.

ஸிஃப்பீன் இன்றைய சிரியாவில் உள்ளது. அங்கிருந்து ஃபுராத் இராக்கிற்குள் பாய்கிறது. அந்த இராக்கின் மீது 1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை போர் தொடுத்தது; 43 நாட்கள் அது நீடித்தது. மின் நிலையங்கள் முக்கிய இலக்குகளாயின. மின்சாரம் நின்றால் தண்ணீர் என்னவாகும் என்பதை, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பும் நம் வீட்டுப் பெண்களிடம் விளக்க வேண்டியதில்லை. குடிநீர் ஏற்றும் பம்புகள் நின்றன. சாக்கடை நீரை வெளியேற்றும் பம்புகளும் நின்றன. கழிவு தஜ்லாவில் கலந்தது. வேறு வழியற்ற மக்கள் அதே ஆற்றில் குடம் நிரப்பினர். காலராவும் டைபாய்டும் பரவின. 1990 ஆகஸ்ட் 6 முதல் நடப்பிலிருந்த ஐ.நா. பொருளாதாரத் தடையால் நீரைச் சுத்திகரிக்கும் குளோரினும் உதிரிபாகங்களும் வருவது ஏற்கெனவே நின்றிருந்தது. மார்ச் மாதத்தில் ஐ.நா. சார்பில் சென்று பார்த்த மார்ட்டி அஹ்திசாரி, அந்நாடு தொழில் யுகத்திற்கு முந்தைய நிலைக்குத் தள்ளப்பட்டுவிட்டதாக அறிக்கை அளித்தார்.

மின்சாரம் படைக்கும்தான் பயன்பட்டது என்பது தாக்கியவர்களின் வாதம். ராடாரும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது என்பதால், அதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் விளைவு அவர்கள் அறியாததன்று. இராக்கின் நீர்ச் சுத்திகரிப்பு முற்றிலும் சீர்குலைய ஆறு மாதமேனும் ஆகும், கொள்ளைநோய்கள் பரவக்கூடும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு உளவுத்துறையின் 1991 ஜனவரி ஆவணம் ஒன்றே கணித்திருந்தது! குடிநீர் நிலையங்களைத் தாக்கவோ பயனற்றதாக்கவோ கூடாது என்கிறது ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறையின் 54-வது பிரிவு. அமெரிக்கா அதில் கையொப்பமிட்டது. ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. இராக்கிய மக்களின் தண்ணீருக்காக எந்தத் தளபதியும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. காஸா மக்களுக்கு உணவும் நீரும் மறுக்கப்பட்டது தொடர்பாக 2024 நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பிடியாணை பிறப்பித்தது. அதுவே இத்தகைய விஷயத்தில் அரிதான நிகழ்வு.

சகோதரர்களே! அந்நியரின் குற்றத்தை மட்டும் பேசி எழுந்துவிடுவது நீதியாகாது. அதே 1991-இல் தென் இராக்கில் கிளர்ச்சி எழுந்தது. அடக்குமுறைக்குத் தப்பியோர் சதுப்பு நிலங்களில் ஒளிந்தனர். சதாம் ஹுசைன் அரசு கரைகளை எழுப்பி, கால்வாய் வெட்டி, ஃபுராத், தஜ்லா நீரை அங்கு சேரவிடாமல் திருப்பியது. மீன் பிடித்தும் எருமை வளர்த்தும் அங்கேயே வாழ்ந்த மக்கள் பல்லாயிரக்கணக்கில் வெளியேறினர். அந்நீர்நிலங்களில் சுமார் 90 சதவிகிதம் அழிந்துவிட்டதாக 2001-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தெரிவித்தது. குடித்தவரும் குடிக்க விடாதவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். சதாம் 2006 டிசம்பர் 30 அன்று தூக்கிலிடப்பட்டது துஜைல் வழக்கில். சதுப்பு நிலத்து மக்களின் தண்ணீர் பற்றி அவரிடம் ஒரு நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை.

2003-இல் அவரது ஆட்சி வீழ்ந்ததும், அம்மக்கள் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தாமே சென்று கரைகளை உடைத்து நீரைத் திறந்துவிட்டனர்.