பூட்டிய கதவும் திறந்த புத்தகமும்: கையால் கிட்டார் செய்தவர்களின் கதை

கிட்டார் என்பது பார்ப்பதற்கு மிக எளிமையான கருவி. சில மெல்லிய பலகைகள், ஒரு கழுத்து, ஆறு தந்திகள். அவ்வளவுதான்! ஆனால் அதைச் செய்யும் வித்தை பல நூற்றாண்டுகளாக ஒரு சிலர் கையிலேயே இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நகரங்களில், தந்திக் கருவி செய்பவர் தொழில் தேர்வில் தேறிய பிறகே சொந்தமாகக் கடை வைக்க முடியும். பின்னாளிலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு, ஆசானிடமிருந்து சீடனுக்கு என்றுதான் இந்தத் தொழில் நகர்ந்தது. வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

இன்றோ உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஆசைக்காகத் தங்கள் வீட்டுக் கொட்டகையில் கிட்டார் செய்கிறார்கள். பூட்டிக் கிடந்த வித்தை எப்படி வெளியே வந்தது? இதற்கு விடை இரண்டு தச்சர்களின் வாழ்க்கையில் இருக்கிறது.

அல்மேரியாவின் தச்சர்

அன்டோனியோ டி டோரஸ் 1817-ல் தென் ஸ்பெயினின் அல்மேரியா அருகே பிறந்தவர். இளம் வயதிலேயே தச்சு வேலை கற்றார். பிறகு செவில் நகருக்குப் போய்க் கிட்டார் செய்யத் தொடங்கினார். 1858-ல் அங்கு நடந்த கண்காட்சியில் அவருடைய கிட்டார் வெண்கலப் பதக்கம் பெற்றது.

இன்று நாம் காணும் கிளாசிக்கல் கிட்டாரின் வடிவம் பெரும்பாலும் அவர் தந்ததே. உடலைப் பெரிதாக்கினார். தந்தியின் நீளத்தைச் சுமார் 650 மில்லிமீட்டர் என்று நிலைநிறுத்தினார். மேல்பலகையை மிக மெல்லியதாக இழைத்து, அதன் அடியில் ஏழு சிறு குச்சிகளை விசிறி போல் ஒட்டினார். விசிறி அமைப்பு அவருக்கு முன்பே உண்டு. அதை முழுமையாக்கியவர் அவர்.

மேல்பலகைதான் கிட்டாரின் உயிர் என்பது அவருடைய முடிவு. அதை நிரூபிக்க 1862-ல் ஒரு விந்தையான காரியம் செய்தார். பக்கங்களையும் பின்புறத்தையும் மரத்தில் செய்யாமல் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் பொருத்தினார்! அந்தக் காகிதக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை திறமை இருந்தும் பிழைப்புக்கு அது போதவில்லை. 1870 வாக்கில் டோரஸ் செவிலை விட்டுச் சொந்த ஊர் திரும்பிப் பீங்கான் பாத்திரக் கடை வைத்தார். சில ஆண்டுகள் கழித்துக் கடையை நடத்திக்கொண்டே மீண்டும் கிட்டார் செய்தார். 1892-ல் இறந்தார். முக்கியமான கட்டத்தில் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்வார் என்று அவருக்கு நெருக்கமான பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். பலகையின் சரியான கனத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அறியும், அதை யாருக்கும் சொல்லித்தர முடியாது என்பது டோரஸின் எண்ணமாம். அப்படியானால் ரகசியம் அவரோடு போய்விட்டதா?

லண்டனுக்குப் போன தச்சர்

ஹோசே லூயிஸ் ரொமானியோஸ் 1932-ல் மாட்ரிட்டில் பிறந்தவர். இவரும் சிறு வயதிலேயே மரச்சாமான் செய்யும் தச்சு வேலை கற்றவர். 1956-ல் பிழைப்புத் தேடி லண்டன் சென்று மருத்துவமனையில் வேலை பார்த்தார். கிட்டார் வாசிக்க ஆசை வந்தபோது, தானே ஒன்று செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். ஆசான் என்று யாரும் கிடையாது. 1961-ல் தன் முதல் கிட்டாரைச் செய்து முடித்தார்.

ஆசானில்லாமல் வீட்டில் கிட்டார் செய்வது எளிதான வேலையா? ஸ்பானிய முறையின் படிகளைப் பார்த்தாலே புரியும்.

முதலில் ஸ்ப்ரூஸ் மரத்துண்டு ஒன்றை நடுவில் பிளந்து, புத்தகத்தை விரிப்பது போல் விரித்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் இருபுறமும் மரத்தின் ரேகைகள் ஒத்து வரும். பிறகு இழைப்புளியால் சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்க வேண்டும். கொஞ்சம் தடித்தால் ஒலி மந்தமாகும்; அதிகம் மெலிந்தால் தந்திகளின் இழுவிசையில் பலகை வளைந்துவிடும். அந்த இழுவிசை சுமார் 40 கிலோ! விரலால் தட்டித் தட்டிக் கேட்டு நிறுத்த வேண்டிய இடம் இது.

பக்கப் பலகைகளை நனைத்து, சூடான இரும்புக் குழாயின் மேல் அழுத்தி மெல்ல வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். இதற்கும் பின்புறத்துக்கும் ஒரு காலத்தில் பிரேசில் ரோஸ்வுட் பயன்பட்டது. அது அரிதானதும், நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் அந்த இடத்தைப் பிடித்தது. வளைத்த பலகைகள் கழுத்தின் அடிக்கட்டையில் வெட்டிய இரு பிளவுகளில் செருகப்படும். கழுத்தும் உடலும் இப்படி ஒன்றாகவே வளர்வதுதான் ஸ்பானிய முறையின் சிறப்பு.

அடுத்தது கணக்கு. கருங்காலி விரல்பலகையில் ஃப்ரெட் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தை அறிய, தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுக்க வேண்டும். 650 மில்லிமீட்டர் தந்தியில் முதல் கம்பி சுமார் 36.5 மில்லிமீட்டரில் வரும். மீதி நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்த கம்பி. 12-ஆவது கம்பி சரியாகப் பாதியில், 325-ல் நிற்கும். கணக்குத் தவறினால் சுருதி தவறும். கடைசியில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொதியால் பலமுறை தேய்த்து மெருகேற்றுவார்கள்.

கதவு திறந்தது

ரொமானியோஸின் கிட்டார்கள் புகழ்பெற்ற ஆங்கிலேயக் கலைஞர் ஜூலியன் பிரீமின் கவனத்தை ஈர்த்தன. 1970-ல் வில்ட்ஷயரின் செம்லி கிராமத்தில் பிரீம் அவருக்குப் பட்டறை அமைக்க இடம் தந்தார். 1973-ல் ரொமானியோஸ் செய்த கிட்டாரைப் பிரீம் பல ஆண்டுகள் மேடையிலும் இசைத்தட்டுகளிலும் வாசித்தார். வீட்டில் தானாகக் கற்ற ஒருவரின் கருவி உலக மேடை ஏறியது!

அதே காலத்தில் வேறு கதவுகளும் திறந்தன. 1966-ல் நியூயார்க்கில் இர்விங் ஸ்லோன் எழுதிய கிளாசிக்கல் கிட்டார் செய்முறை நூல் வெளிவந்தது. 1972-ல் தொடங்கிய அமெரிக்க லூத்தியர் சங்கம், தெரிந்ததை ஒளிக்காமல் பகிர்வதையே கொள்கையாகக் கொண்டது. 'லூத்தியர்' என்றால் தந்திக் கருவி செய்பவர். 1987-ல் கம்பியானோவும் நேட்டல்சனும் எழுதிய கிட்டார் செய்முறை நூல் பொழுதுபோக்குக் கலைஞர்களுக்குப் பாடப்புத்தகமே ஆகிவிட்டது.

அதே 1987-ல்தான் ரொமானியோஸின் முக்கியமான நூலும் வந்தது. அது டோரஸின் வாழ்க்கை வரலாறு. டோரஸ் கிட்டார்களைத் தேடிப் பார்த்து, அளந்து, பலகைகளின் கனம் வரை எழுதி வைத்தார். டோரஸ் பூட்டிய கதவுக்குப் பின்னால் செய்ததை இவர் எல்லோருக்கும் திறந்து காட்டினார். பின்னர் ஸ்பெயின் திரும்பிச் சிகுவென்சாவில் பயிற்சி வகுப்புகளும் நடத்தினார். 2022-ல் மறைந்தார்.

டோரஸ் நினைத்தது தவறா? முழுவதும் தவறில்லை. அளவுகளைப் புத்தகம் தரும். ஆனால் ஒவ்வொரு மரமும் வேறு; எந்த இடத்தில் இழைப்புளியை நிறுத்துவது என்பதை அவரவர் விரல்தான் சொல்ல வேண்டும். அதைப் புத்தகத்தில் எழுத முடியாது. ஆனால் அந்த விரல் அறிவு பரம்பரைச் சொத்தும் அல்ல. பலகையும் பொறுமையும் உள்ள எவருக்கும் அது மெல்ல மெல்லக் கைகூடும். அதற்கு லண்டனில் 1961-ல் உருவான அந்த முதல் கிட்டாரே சாட்சி.