அமைச்சரவையில் ஒரு கடற்கரை அம்மையார்

அலைகடலுக்கு அப்பால் இத்தீவுகளில் குடியேறி வாழும் தமிழ்ப் பெருமக்களே! ஆண்டுவிழா மலர் வெளிவருந்தோறும் நம் மூதாதையர் பெருமையைப் பேசி மகிழ்கின்றோம். அரசரையும் புலவரையும் போற்றுகின்றோம். அவ்வரிசையில் மூதாட்டிகளுக்கு இடம் தருவது மட்டும் நமக்கு மறந்துவிடுகின்றது. அக்குறையைச் சிறிதேனும் போக்கும்பொருட்டு, குமரிக் கடற்கரையில் தோன்றி, சென்னை மாநிலத்தின் அமைச்சராக விளங்கிய லூர்தம்மாள் சைமன் அம்மையாரை ஈண்டு நினைவுகூர்வோம்.

அம்மையாரின் தொகுதி குளச்சல். 1741ஆம் ஆண்டு மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை வென்ற களம் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவ்வூரை அறிவர். ஆனால் போர் ஒருநாள் நிகழ்ச்சி. மீன்பிடித்தல் அங்கு நாள்தோறும் நடக்கும் போர். 1544இல் புனித பிரான்சிசு சவேரியார் அக்கரை வழியே நடந்து, பல்லாயிரம் முக்குவர்க்குத் திருமுழுக்கு அளித்தார். அன்று முதல் கோயில் மணியும் கடல் ஓசையும் அம்மக்களின் வாழ்வில் ஒன்றாகவே கலந்துவிட்டன. ஆடவர் கட்டுமரமேறிக் கடலிற் செல்வர். பெண்டிர் மீன்கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராய் நடப்பர். உழைப்பில் இருவரும் சமமாக நின்றனர். ஊராரின் மதிப்பிலோ இருவரும் தாழ்த்தப்பட்டனர். உள்நாட்டு ஊர்களின் செல்வாக்கு, கடற்கரையின் குரலை நெடுங்காலம் மேலெழ விடவில்லை. அத்தகைய மீனவர் குடியைச் சேர்ந்தவரே நம் அம்மையார்.

அவர் பொதுவாழ்வுக்கு வந்த காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருவிதாங்கூரில் அடங்கியிருந்த தமிழ்ப் பகுதிகள் தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று மார்சல் நேசமணி முதலியோர் போராடினர். 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கடுத்த 1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், காங்கிரசின் சார்பில் குளச்சல் தொகுதியிலிருந்து லூர்தம்மாள் சட்டமன்றம் புகுந்தார்.

அவ்வாண்டு காமராசர் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எண்மரே இருந்தனர். பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், மாணிக்கவேலர், கக்கன், இராமையா ஆகியோரோடு எட்டாமவராக, ஒரே பெண்மணியாக லூர்தம்மாள் அமர்ந்தார். புதிதாய் வந்து சேர்ந்த மாவட்டத்துக்கும், கடற்கரை மக்களுக்கும், பெண்ணுலகுக்கும் ஒருசேரக் கிடைத்த பெருமை அது.

ஒரு செய்தியைத் திருத்திக் கூறுதல் நம் கடன். தமிழ்நாட்டின் முதற் பெண் அமைச்சர் அவரே என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. 1946-47இல் ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும், 1953-54இல் சோதி வெங்கடாசலம் அம்மையாரும் அவருக்கு முன்னரே அமைச்சராயிருந்தனர். மெய்யான பெருமை உள்ளவர்க்கு மிகைப் புகழ் எதற்கு? லூர்தம்மாளின் பெருமை அவர் எத்தனையாவதாக வந்தார் என்பதில் இல்லை. எங்கிருந்து வந்தார், எதனை ஏற்றார் என்பதில் இருக்கின்றது.

அவர் ஏற்றவை உள்ளாட்சியும் மீன்வளமும். அவர் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில்தான் 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 அக்டோபர் 2 முதல் ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாகத் தொடங்கப்பெற்றன. பழைய சில்லா போர்டுகளின் காலம் முடிவுற்றது. அச்சட்டம் ஒருவர் கையால் ஆனதன்று. ஆயினும் குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச்சாலை என்று, இல்லறம் நடத்தும் பெண் நாள்தோறும் எண்ணிக் கவலையுறும் பொருள்கள் யாவும் அத்துறையில் அடங்கியவை என்பதை மறத்தலாகாது.

மீன்வளத் துறையிலோ அது மாறுதலின் காலம். அரசு உதவியோடு இயந்திரப் படகுகள் கடற்கரைகளுக்கு வந்தன. குளச்சலுக்கு அவை முன்னதாகவே வந்து சேர்ந்ததில் அம்மையாருக்குப் பங்குண்டென்பர். அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதன்று. படகு பெற்றார் சிலர், பெறாதார் பலர். பின்னாளில் இழுவலைப் படகினர்க்கும் கட்டுமரத்தார்க்கும் இடையே பூசல் மூண்டது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, கரையோரக் கடலில் மூன்று கடல்மைல் வரை சிறு கலத்தார்க்கென ஒதுக்க நேர்ந்தது. நல்லெண்ணத்தோடு தொடங்கியதும் எல்லார்க்கும் ஒப்ப எட்டாவிடின் பிணக்கு விளையும் என்பது இதனால் நாம் கற்கும் பாடம். பொறுப்பேற்றவரை நினைவுகூரும்போது இதனையும் சேர்த்து நினைவுகூர்தலே நேர்மையாகும்.

1962ஆம் ஆண்டின் புதிய அமைச்சரவையில் அவர் இடம்பெறவில்லை. ஐந்தாண்டுக்குள் முடிந்த பதவிதான். ஆயினும் கடற்கரைச் சிறுமியர்க்கு அவர் பெயரே ஒரு விளக்கு. அன்று எண்மருள் ஒருவராக ஒரு பெண் அமர்ந்தது செய்தியாயிற்று. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமோ, ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்டிர்க்கு ஒதுக்கிற்று. அதன் வழியே வந்த 1994ஆம் ஆண்டின் ஊராட்சி ஒழுங்குமுறையால், நம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் ஊராட்சிகளிலும் பெண்கள் தலைவராகும் வாய்ப்புப் பெற்றனர்.

குளச்சலையும் நம்மையும் பிணைக்கும் கயிறு இஃதொன்றே அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் அதே கடல் இங்கும் அங்கும் ஒரே நாளில் பொங்கி உயிர் கவர்ந்தது. போர்ட் பிளேயர் என்று முன்னர் வழங்கிய நகரின் தலைமைக் கோயில், கடலின் விண்மீனாகிய அன்னையின் பெயர் பூண்டது. நெய்தல் நிலத்தார் நெஞ்சுக்கு அப்பெயர் புதிதன்று.

அன்பர்களே! அமைச்சராய் இருந்தவரைப் பற்றியே இவ்வளவு சிலவாகத்தான் எழுதப்பட்டுள்ளது. அவ்வாறாயின், மரக்கலத்தில் கைக்குழந்தையோடு வந்திறங்கி, காட்டை வீடாக்கி, செபமாலையோ திருநீறோ தம் வழக்கப்படி ஏந்தி, நம்மை ஆளாக்கிய நம் குடியிருப்பின் பாட்டிமாரை யார் எழுதுவார்? அவரவர் இல்லத்து மூதாட்டி வந்த ஆண்டையும், வந்த ஊரையும், பட்ட பாட்டையும் அவர் வாய்மொழியாகவே கேட்டு ஒரு குறிப்பேட்டில் இன்றே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலர் அக்குறிப்புகளால் நிறையட்டும். வாழ்க மூதாட்டியர் புகழ்!